ஹிஜ்ர் பள்ளத்தாக்கில் ஒரு பகற்பொழுது

மதீனா மாநகரில் ஸியாரத்தை நிறைவேற்றிய உம்ராப் பயணிகளில் சிலர், இக்காலத்தில் வடக்கு நோக்கி மேலும் ஒரு பயணம் மேற்கொள்கின்றனர். முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பாலை வழியைக் கடந்தால் பேரீச்சந்தோட்டங்கள் சூழ்ந்த அல்-உலா என்னும் ஊர் வரும். அங்கிருந்து சிறிது தொலைவில், மணல்வெளியின் நடுவே செம்பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கும் பள்ளத்தாக்கே மதாயின் ஸாலிஹ். திருக்குர்ஆன் சுட்டும் அல்-ஹிஜ்ர் இதுவே. 15ஆம் அத்தியாயம் இதன் பெயரையே தாங்கியுள்ளது. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இவ்விடம், 2020இல் பார்வையாளர்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது.

புனிதத் தலத்தைத் தரிசிக்கும் எண்ணத்தோடு இங்குப் புறப்படுவோர்க்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். இது பரக்கத் நாடிச் செல்லும் இடமன்று; இறைத்தண்டனை இறங்கிய இடம். ஸாலிஹ் (அலை) அவர்களின் சமூகத்தாராகிய ஸமூது கூட்டத்தார், மலைகளைக் குடைந்து வீடுகள் அமைத்து, இனி அச்சமில்லை என்றிருந்தவர்கள். அல்லாஹ்வின் அத்தாட்சியாக வந்த பெண் ஒட்டகத்திற்கு ஒருநாள், அவர்களுக்கு ஒருநாள் என்று நீர் முறை வகுக்கப்பட்டது. அதனையும் பொறாது ஒட்டகத்தை வெட்டினர். அதிகாலையில் எழுந்த பேரோசை அவர்களைப் பிடித்துக்கொண்டது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கடுங்கோடையில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக் நோக்கிப் படையுடன் சென்றபோது இவ்வழியே கடந்தார்கள். தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டோரின் இருப்பிடங்களில் அழுதவர்களாகவன்றி நுழைய வேண்டாமென்று தோழர்களைத் தடுத்து, தலையைப் போர்த்திக்கொண்டு விரைந்து சென்றதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் கூறுகிறது. தோழர்கள் அவ்விடத்துக் கிணறுகளில் நீர் இறைத்து மாவும் பிசைந்துவிட்டிருந்தனர். அந்நீரைக் கொட்டிவிடுமாறும், மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடுமாறும், ஸாலிஹ் நபியின் ஒட்டகம் நீரருந்திய கிணற்றிலிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளுமாறும் நாயகம் அவர்கள் பணித்தார்கள். பாலையில், கோடையில், இறைத்த நீரைக் கொட்டுவதென்றால் எத்தகைய கட்டளை என்பதைத் தண்ணீர்ப் பஞ்சம் கண்ட நம் குடும்பத்தினர் எளிதில் உணர்வர்.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1326இல், திமிஷ்கிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற கூட்டத்தோடு இப்னு பதூதா இவ்வழி வந்தார். நீர் நிறைந்திருந்த ஹிஜ்ர் கிணற்றை, எவ்வளவு தாகமிருந்தும், ஹாஜிகளில் ஒருவரும் தொடவில்லை என்று அவர் எழுதிவைத்துள்ளார்.

இன்று சொந்த வாகனத்தில் உள்ளே சுற்றிவர இயலாது. வழிகாட்டியுடன் செல்லவேண்டும். வழிகாட்டிக்கு அங்கே ‘ராவி’ என்று பெயர். ஹதீஸை அறிவிப்பவருக்கு நாம் வழங்கும் அதே சொல்! அவர் காட்டுவனவற்றுள் பலரும் வியப்பது தனித்த ஒரே பாறையில் செதுக்கிய கஸ்ருல் ஃபரீத். மேலிருந்து கீழாகச் செதுக்கிவந்த வேலை அடிப்பகுதியில் நின்றுவிட்டதால், உளித் தடங்கள் அப்படியே தெரிகின்றன.

கஸ்ர் என்றால் மாளிகை. ஆனால் அது மாளிகையன்று, கல்லறை. இங்கே இத்தகைய கல்லறைகள் 111 உள. அவற்றுள் 94 அலங்கார முகப்புடையவை. ஜோர்தானிலுள்ள பெத்ராவைத் தலைநகராகக் கொண்ட நபத்தியர் கி.மு. முதல் நூற்றாண்டிலும் கி.பி. முதல் நூற்றாண்டிலும் செதுக்கியவை இவையென்பதை அவற்றின் கல்வெட்டுகளே ஆண்டுடன் தெரிவிக்கின்றன. ஸமூதுகளோ இதற்கு முந்தியவர்கள், கி.மு. 715ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கூறும் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் ஏடுகளிலேயே அப்பெயர் வருகிறது. இதைக் கேட்டுத் தடுமாறத் தேவையில்லை. நாயகம் அவர்கள் சுட்டியது நிலத்தையும் கிணற்றையும். அந்நிலத்தில் பின்வந்தோர் எழுப்பியவற்றை அகழ்வாய்வாளர் ஆராய்கின்றனர். அந்தப் பின்வந்தோரும் தம் கல்லறையை விற்போர்மீதும், அந்நியரை அதில் புதைப்போர்மீதும் சாபங்களைப் பொறித்துவைத்தார்கள். கல்லறைகள் இன்று உரியோரின்றி நிற்கின்றன.

செல்லலாமா கூடாதா என்பதில் ஆலிம்கள் ஒருமித்த கருத்தினரல்லர். உல்லாசத்திற்காகச் செல்வதை விலக்குவோர் உளர். படிப்பினை பெறும் உள்ளத்தோடு கடந்துசெல்லலாம் என்போரும் உளர். ஹதீஸில் சொல்லப்பட்ட நிபந்தனையோ இருசாராருக்கும் பொதுவானது. குகைவாயிலில் சிரித்தபடி நின்று படமெடுத்துக்கொள்வது அந்த நிபந்தனையோடு எவ்வாறு பொருந்தும் என்று எமக்கு விளங்கவில்லை. பிள்ளைகளை உடனழைத்துச் செல்லும் தாய்மார்கள், முந்தைய இரவே ஸமூது வரலாற்றை அவர்களுக்குச் சொல்லிவைத்தால், ராவி சொல்லாமல் விடுவதையும் அவர்கள் அங்கே தாமே கேட்பர்.

இப்னு பதூதாவின் கூட்டத்தார் தாகத்தோடே ஹிஜ்ரைக் கடந்து அல்-உலா வந்துசேர்ந்தனர். அங்கே நான்கு நாள் தங்கி, நீர் பருகி, ஆடைகளைத் துவைத்து, வழிக்கு வேண்டிய உணவைச் சேகரித்துக்கொண்டு மதீனாவை நோக்கிப் புறப்பட்டனர்.