மோட்டார் வண்டியிற் புதிய ஸ்டீரியோ இணைத்தல்

மோட்டார் வண்டிக்குள் வானொலி புகுந்து ஏறத்தாழ நூறாண்டு ஆகின்றது. 1930ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரத்துப் பால் கால்வின் என்பார் மோட்டரோலா என்னும் பெயரிட்டு அதனை விற்கத் தொடங்கினார். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் வண்டி செய்துவரும் ஹூண்டாய்க் கம்பெனியின் கிரெட்டாவிலோ, 2020இல் வந்த உயர்ந்த வகைகளில், எட்டு ஸ்பீக்கர்கள் பாடுகின்றன. செஞ்சியை அடுத்த தளவானூரிற் குடைவரை அமைத்த மகேந்திரவர்ம பல்லவன் இசைவல்லான் என்பர். அக்குடைவரையைக் காணக் காரில் வருவோரும் இந்நாளிற் பாட்டின்றி வருவதில்லை.

ஸ்டீரியோ பழுதுற்றாற் கடையிற் புதியதொன்று வாங்கிப் பொருத்துகின்றோம். விளக்கு எரியும், பாட்டின் பெயர் திரையில் ஓடும், ஓசை மட்டும் எழாது. ஸ்பீக்கர்கள் போயின, நான்கையும் மாற்றுக என்பாரும் உளர். காரணம் பெரும்பாலும் வேறு. சில வண்டிகளில் ஸ்டீரியோ நேரே ஸ்பீக்கரை இயக்குவதில்லை. இருக்கையின் கீழோ டிக்கியிலோ ஆம்ப்ளிபையர் ஒன்று கம்பெனியாராலேயே வைக்கப்பெற்றுள்ளது. மெல்லிய ஓசைக்குறியை வாங்கி வலிமை ஊட்டுவது அதுவே.

இலக்கணம் பயில்வோர் இதனைப் புணர்ச்சி போலக் கருதலாம். ஆம்ப்ளிபையர் நிலைமொழி, புதிய ஸ்டீரியோ வருமொழி. இயல்பாகப் புணர்வனவும் உள. விகாரம் வேண்டுவனவும் உள.

முதலிற் கம்பிகளை அறிக. கடையில் வாங்கும் ஸ்டீரியோக்களில் மஞ்சட் கம்பி பாட்டரியோடு எப்பொழுதும் இணைந்திருப்பது. சிவப்பு, சாவி திருப்பியபின் மின்சாரம் பெறுவது. கறுப்பு, வண்டியின் இரும்பை அடைவது. நீலத்தில் வெள்ளைக்கோடு இட்ட கம்பியே ஆம்ப்ளிபையரை எழுப்பும் 12 வோல்ட் ஆணையைக் கொண்டு செல்வது. இதனை வேண்டாததென்று டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டால் ஆம்ப்ளிபையர் உறங்கிக்கொண்டேயிருக்கும். ஓசையின்மைக்கு முதலில் ஐயுற வேண்டியது இக்கம்பியையே.

அடுத்தது ஓசைக்குறியின் அளவு. ஸ்டீரியோவின் பின்புறத்து ஆர்.சி.ஏ. துளைகளில் 2 முதல் 5 வோல்ட் வரையிலான குறி வரும். ஸ்பீக்கர்க் கம்பிகளிலோ அது 10 வோல்ட் அளவும் உயரும். பெட்டியின்மேல் "50 வாட்" என்று அச்சிட்டிருப்பினும், 14 வோல்ட் மின்சாரம் 4 ஓம் ஸ்பீக்கரில் தெளிவாகத் தரவல்லது சுமார் 20 வாட்டே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிறு குறியை எதிர்நோக்கும் ஆம்ப்ளிபையருக்கு ஸ்பீக்கர்க் கம்பியை நேரே கொடுத்தாற் பாட்டுச் சிதைந்து கரகரக்கும். அவ்விடத்து லைன் அவுட்புட் கன்வர்ட்டர் என்னும் சிறு பெட்டியை இடையே வைத்துக் குறியைக் குறைத்தல் வேண்டும். இது திரிதல் விகாரம் எனலாம்.

பெருங்கேடு விளைவது மற்றொன்றால். ஸ்டீரியோவின் ஸ்பீக்கர்க் கம்பிகள் இரண்டனுள் ஒன்றும் தரைக்கம்பி அன்று; இரண்டிலும் பாட்டரியின் பாதியளவு வோல்ட் நிற்கின்றது. கறுப்புக்கோடிட்ட கம்பியைத் தரையென்று எண்ணி இரும்போடு முடிந்தாற் புதிய ஸ்டீரியோவின் உள்ளுறுப்பே எரிந்துபோகக்கூடும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளையொலி கேட்டால் தரை இணைப்பைத் திரும்ப நோக்குக. ஸ்டீரியோவும் ஆம்ப்ளிபையரும் வேறு வேறு இடத்தில் தரை கொள்ளும்போது இது நேர்வதுண்டு.

ஜெர்மானிய உயர்விலை வண்டிகள் பலவற்றிற் குறி செம்புக்கம்பியிற் செல்லாது, ஒளியிழையில் ஒளியாகச் சென்றது. அவற்றிற்கு மேற்சொன்ன முறை எதுவும் உதவாது. அவ்வண்டிக்கென்றே செய்த இடைப்பெட்டி வேண்டும். அது கிடையாதேல் பழைய ஸ்டீரியோவைச் செப்பனிடுதலே தக்கதென்பது எம் கருத்து.

இன்னும் ஒன்று. சில வண்டிகளிற் பின்னே தடையுண்டு என்றறிவிக்கும் மணியோசையும் பழைய ஸ்டீரியோவின் வழியாகவே வருகின்றது. அதனைக் கழற்றினால் மணியும் ஓய்ந்துவிடும். சிறுவர் விளையாடும் தெருவில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவார்க்கு அஃது எத்தகைய இழப்பு! ஆதலின் டாஷ்போர்டை மூடுமுன், ஒருவரை வண்டியின் பின்னே எட்டநின்று பார்த்துக்கொள்ளச் சொல்லி, ரிவர்ஸ் கியரை இட்டு, அம்மணி ஒலிக்கின்றதா என்று கேட்டுக்கொள்க.