பட்டாசு பேரியம் வேறு, மருத்துவ பேரியம் வேறு

சோறு தொண்டையில் நிற்கிறது என்று போனவரிடம், "பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஆளுக்குத் திக்கென்றுதான் இருக்கும். பட்டாசில் பச்சை ஒளி தருவது பேரியம் நைட்ரேட். பட்டாசில் பேரியம் உப்புகளே கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதையா குடிப்பது?

இல்லை. நைட்ரேட் தண்ணீரில் கரையும். வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் கலந்து தசைகளையும் இதயத் துடிப்பையும் கெடுக்கும். மருத்துவமனையில் தருவது பேரியம் சல்பேட். அது கரையாது, குடித்தது அப்படியே குடல் வழியாக மலத்தோடு வெளியேறிவிடும். எக்ஸ்ரே கதிரை அது மறிப்பதால், உணவுக்குழாயும் இரைப்பையும் திரையில் தெளிவாகத் தெரிகின்றன.

சாதாரண எக்ஸ்ரே ஒரு நொடியின் படம். பேரியம் பரிசோதனைக்குப் பயன்படும் ஃப்ளூரோஸ்கோபி என்ற தொடர் எக்ஸ்ரே முறையில் நீங்கள் விழுங்க விழுங்க உள்ளே நடப்பதை டாக்டர் அப்போதே பார்க்கிறார். எலும்பு முறிவுக்குக் கம்பி வைக்கும்போது பார்க்கும் சி-ஆர்ம், இதய ஆஞ்சியோகிராம் இரண்டும் இதே முறைதான். பேரியம் பரிசோதனையில் உடலில் படும் கதிர்வீச்சு பெரும்பாலும் சில மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைப்பதுபோல நீண்டுபோகும் சிகிச்சைகளில் கதிர் கூடுதலாகப் படும்; பிறகு முதுகுத் தோல் சிவந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கர்ப்பமாக இருந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். அதனால்தான் இதே முறையில் கருக்குழாய் அடைப்பு பார்க்கும் பரிசோதனையைப் பொதுவாக மாதவிடாய் தொடங்கிய பத்து நாளுக்குள் செய்வார்கள். குடலில் ஓட்டை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பேரியம் தரமாட்டார்கள். தண்ணீரில் கரையும் அயோடின் மருந்து தருவார்கள். அயோடின் மருந்து என்றால் ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருப்பதை மறைக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பேரியம் குடித்த பின் ஓரிரு நாள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல்தான் தொல்லை. நம் கரிசல் வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுபோகும் என்பதால், டாக்டர் தடுக்காதவரை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடியுங்கள். வயிறு உப்பி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம். அது இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். தேவையில்லாமல் இன்னொரு முறை கதிர் படுவதைத் தவிர்க்க அதுவே எளிய வழி.