மருந்தும் இருப்புப் புத்தகமும்

சங்கத்தின் பணத்தையோ சரக்கையோ ஒருவர் கையாடிவிட்டார் எனத் தெரிந்ததும் அங்கத்தினர்கள் கேட்கும் முதற் கேள்வி, "இவரை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?" என்பதே. அவர் சர்க்கார் உத்தியோகஸ்தராகவும் இருந்துவிட்டால், "மேலிடத்து அனுமதியின்றி வழக்கே கிடையாதாமே!" என்று யாரேனும் ஒருவர் சொல்ல, கூட்டம் கலைந்துவிடுகிறது. அச்சொல்லில் பாதியே உண்மை.

பஞ்சாப் மாகாணத்தில் ஹோரி ராம் சிங் என்பவர் சர்க்கார் மருத்துவமனையொன்றில் மருத்துவராக இருந்தார். அவர் மீது இரு குற்றங்கள் சாட்டப்பட்டன. மருத்துவமனையின் மருந்துகளைத் தமக்கெனக் கையாடினார் என்பது ஒன்று. மோசடிக் கருத்துடன் இருப்புப் புத்தகத்தில் சில பதிவுகளை எழுதாமல் விட்டார் என்பது மற்றொன்று. கவர்னரின் சம்மதம் பெறாமல் வழக்குத் தொடர்ந்தது செல்லுமா என்ற கேள்வி பெடரல் நீதிமன்றம் வரை சென்றது. 1939-ல் அதனை ஆராய்ந்த மூவருள் ஒருவர், முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய எஸ். வரதாச்சாரியார்.

தீர்ப்பு இரண்டு குற்றங்களையும் பிரித்துப் பார்த்தது. இருப்புப் புத்தகம் எழுதுவது அவருடைய உத்தியோகக் கடமை. அதில் செய்த தவறு உத்தியோகத்தைச் சார்ந்தது. ஆகவே அதற்குச் சம்மதம் வேண்டும். மருந்தைக் கையாடுவது எந்த உத்தியோகத்தின் கடமை? அதற்குச் சம்மதம் வேண்டியதில்லை. நீதிமன்றம் நேரே விசாரிக்கலாம். நூல் சிப்பத்தையும் உர மூட்டையையும் கணக்கில் வைத்துப் பழகிய நமக்கு இப்பாகுபாடு எளிதில் விளங்கும். 1948-ல் கில் என்பவரின் வழக்கில் பிரிவி கவுன்சிலும் இவ்வழியே சென்றது. நோயாளியைப் பரிசோதிப்பது மருத்துவரின் பணியே ஆயினும், அப்போது அவனுடைய சட்டைப்பையில் கைவிடுவது பணியாகாது என்று அத்தீர்ப்பு விளக்கிற்று.

எனினும் எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 1955-ல் அம்ரிக் சிங் வழக்கில், உண்மையில் இல்லாத தொழிலாளி ஒருவரின் பெயரில் கூலியைப் பட்டுவாடா செய்ததாகக் கணக்குக் காட்டி எடுத்துக்கொண்டார் என்பது ஓர் அதிகாரி மீதிருந்த புகார். பட்டுவாடாவும் கையாடலும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதால் அனுமதி அவசியமே என்று உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. பணத்தை இழந்தவர் பக்கம் நின்று பார்த்தால் இது கசப்பான முடிவுதான். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஓரளவு ஆறுதல் தருகிறது: சர்க்கார் 120 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிடில் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

சங்கத் தலைவர், செயலாளர் ஆகியோர் நிலை வேறு. மேற்சொன்ன பாதுகாப்பு, சர்க்காரின் அனுமதியின்றி நீக்க முடியாத ஊழியர்களுக்கே உரியது. 1947-ம் வருஷத்து லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கீழ்க் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள் பொது ஊழியர் ஆகார் என்று, மகாராஷ்டிர வழக்கொன்றில் 2000-ம் வருஷம் உச்சநீதிமன்றம் கூறியது. ஆனால் 1988-ம் வருஷத்துச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. விவசாயம், தொழில், வாணிபம், பாங்கித் துறைகளில் ஈடுபட்டு, சர்க்கார் நிதியுதவி பெற்ற சங்கத்தின் நிர்வாகிகள் அதன்படி பொது ஊழியர்களே. அச்சட்டப்படி எழும் குற்றத்தைத் தனி நீதிபதி மட்டுமே விசாரிக்க முடியும். நிர்வாகியைப் பதவிநீக்க அதிகாரமுள்ளவரின் அனுமதியும் அதற்கு வேண்டும். வெறும் நம்பிக்கை மோசடி எனில் வழக்கமான குற்றவியல் நீதிமன்றமே போதும்.

இழந்த பணம் திரும்ப வேண்டுமாயின் பாதை தனி. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-ன் 87-ம் பிரிவின்படி, தண்டத் தீர்வை விதித்து அத்தொகையை வட்டியுடன் வசூலிக்க உத்தரவிடலாம். அந்த உத்தரவு வந்துவிட்டது என்பதற்காகக் குற்றவழக்கு நின்றுவிடாது.

இன்னொன்று. சரக்கை வெளியூரில் விற்றுவிட்டால் அவ்வூர் நீதிமன்றத்துக்கே அலைய வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். சரக்கைப் பெற்ற இடம், வைத்திருந்த இடம், கணக்கு ஒப்புவிக்க வேண்டிய இடம் ஆகிய எந்த எல்லையிலுள்ள நீதிமன்றமும் நம்பிக்கை மோசடியை விசாரிக்கலாம். சங்கக் கட்டடம் உள்ள ஊரின் நீதிமன்றமும் அவற்றுள் அடங்கும்.