தலையில் காந்தம் வைத்தால் கை எழும்புமா?



ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்று சொல்வதைத்தான் நாம் லயத்தில் "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்கிறோம். "வயசானா கை நடுங்கும்" என்று நாம் கவனிக்காமல் விடுகிற நடுக்கம் சில வேளை பார்க்கின்சன் நோயாக இருக்கும். இந்த இரண்டு வருத்தமும் உள்ள வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. "தலையில காந்தம் வச்சி கரண்டு குடுத்தா கை கால் திரும்ப வந்துருமாமே! போனுல வீடியோ வந்துச்சி. நகைய அடகு வச்சாவது கூட்டிட்டுப் போவமா?"

இப்படி ஒரு சிகிச்சை இருப்பது உண்மை. ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ளாமல் காசைக் கட்டக்கூடாது.

மூளையில் நடப்பது என்ன?

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம் வருகிறது. இடப்பக்க மூளை வலது கையையும், வலப்பக்க மூளை இடது கையையும் ஆட்டுவிக்கின்றன. இரத்தம் கிடைக்காமல் செத்த பகுதி மறுபடி முளைக்காது. ஆனால் பக்கத்தில் உள்ள பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும்.

மண்சரிவில் பெரிய ரோட்டு மூடிப்போனால் நாம் என்ன செய்கிறோம்? தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதை பிடிக்கிறோம். முதல் நாள் அது பாதை மாதிரியே தெரியாது. தினமும் பத்துப் பேர் நடந்தால் ஒரு மாதத்தில் தடம் விழுந்துவிடும். நடக்காவிட்டால் புல் மூடிவிடும். மூளையும் இப்படித்தான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் புதிய தடம் விழும்.

பார்க்கின்சன் நோய் வேறு விதம். 1817இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரே நோய்க்கும் வந்தது. மூளைக்குள்ளே டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அதனால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை சின்னச் சின்ன எட்டாகும். வாசற்படியில் வந்ததும் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும்.

காந்தம் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். உள்ளே காந்தம் சுற்றினால் கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகி லைட் எரிகிறது. காந்தம் மாறிக்கொண்டிருந்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831இல் கண்டுபிடித்தார். 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பார்க்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதையே மூளைக்குப் பயன்படுத்தினார்கள். கம்பிச் சுருளைத் தலைக்கு மேலே பிடித்து, ஒரு நொடியிலும் மிகக் குறைந்த நேரத்துக்கு மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். அதில் பிறந்த காந்த வேகம் மண்டையோட்டைத் தாண்டி மூளையில் சிறு மின்சாரத்தை உண்டாக்கியது. அந்த ஆளின் கை தானாகத் துடித்தது. கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. டக், டக் என்று சத்தமும், தலையில் தட்டுவது போன்ற உணர்வும் மட்டும் இருக்கும்.

செக்கனுக்கு ஒரு தடவை வீதம் தட்டினால் மூளையின் அந்த இடம் பொதுவாக அடங்கும். ஐந்து, பத்துத் தடவை தட்டினால் கிளம்பும். மூளையின் இரு பக்கமும் தராசுத் தட்டுகள் மாதிரி ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. பாரிசவாதம் வந்ததும் நல்ல பக்கத்தின் கை ஓங்கி, அடிபட்ட பக்கத்தை அமுக்குகிறது என்பது வைத்தியர்களின் எண்ணம். ஆகவே நல்ல பக்கத்தை அடக்குவார்கள், அல்லது அடிபட்ட பக்கத்தைக் கிளப்புவார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து, சுமார் 20 நிமிடம் 1 அல்லது 2 மில்லிஅம்பியர் மின்சாரம் விடுவார்கள். டோர்ச் பல்பு எரிவதற்கு வேண்டியதை விட இது மிகக் குறைவு. கொஞ்சம் ஊசி குத்துவது போல இருக்கும்.

இவற்றை மற்றக் "கரண்டு" வைத்தியங்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிசியோதெரபியில் கைத்தசைக்குக் கரண்டு வைப்பது வேறு. மனநோய்க்கு மயக்கம் கொடுத்துச் செய்வது வேறு. பார்க்கின்சனுக்கு மண்டையைத் துளைத்து மூளைக்குள் கம்பி வைக்கும் ஒப்பரேஷனும் வேறு.

பலன் உண்டா?

இங்கேதான் நிதானம் வேண்டும். பல சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. அவற்றையெல்லாம் பார்த்த நிபுணர் குழு ஒன்று 2020இல் தன் முடிவை வெளியிட்டது. பாரிசவாதம் வந்து ஆரம்ப நாட்கள் கழிந்த பிறகு நல்ல பக்கத்து மூளையை அடக்கும் காந்தச் சிகிச்சை கையின் அசைவுக்கு உதவும் என்றும், பார்க்கின்சன் நோயின் அசைவுக் கோளாறுகளுக்கு இன்னொரு வகைக் காந்தச் சிகிச்சை அநேகமாக உதவும் என்றும் அது கூறியது.

ஆனால் 2018இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வையும் பாருங்கள். பாரிசவாதம் வந்து 3 முதல் 12 மாதமான 199 பேர் அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு உண்மைக் காந்தம், மற்றவர்களுக்குப் பொய்க் காந்தம். அத்துடன் எல்லோருக்கும் கைப்பயிற்சி. ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தால், உண்மைக் காந்தம் வைத்தவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கும், பொய்க் காந்தம் வைத்தவர்களில் 65 பேருக்கும் கை நன்றாக முன்னேறியிருந்தது. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். இரு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது பயிற்சிதான்.

காசு செலவில்லாத ஒரு முறையும் இருக்கிறது. 2006இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், விரலையும் மணிக்கட்டையும் கொஞ்சமாவது அசைக்கக்கூடிய 222 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினரின் நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் வருத்தக்காரக் கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர்களின் கை மற்றவர்களின் கையை விட நன்றாக இயங்கியது.

ஆகவே காந்தம் பயிற்சிக்குத் துணையாக இருக்கலாம். பயிற்சியை விட்டுவிட்டுக் காந்தத்தை மட்டும் நம்பினால் கை எழும்பாது. பார்க்கின்சன் நோயை இது நிறுத்தாது. கிடைக்கும் சுகமும் நாளடைவில் குறையும். குளிசையை நிறுத்தவே கூடாது.

யாருக்கு ஆபத்து?

தலைக்குள்ளே உலோகக் கிளிப் வைத்தவர்கள், காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தியவர்கள், இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு வந்தவர்கள் இதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அரிதாக இந்தச் சிகிச்சையே வலிப்பைக் கொண்டுவரும். போனில் விற்கும் கருவிகளை வாங்கி வீட்டில் தலையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

காசு கட்டும் முன் கேளுங்கள்

1. எங்கள் ஆளுக்கு இது பொருந்தும் என்று நரம்பியல் வைத்தியர் சொன்னாரா?
2. ஒவ்வொரு முறையும் கைப்பயிற்சியும் உண்டா?
3. எத்தனை தடவை வரவேண்டும்? பஸ் செலவு, கூட வருபவரின் நாட்சம்பளம் எல்லாம் சேர்த்து எவ்வளவு?
4. "நூற்றுக்கு நூறு குணம்" என்கிறார்களா? அப்படியானால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

• வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குளறினால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. "விடியட்டும் பார்ப்பம்" என்று இருக்காதீர்கள். வாயில் தண்ணியோ குளிசையோ கொடுக்காதீர்கள்.

• வைத்தியர் சம்மதித்ததும் பயிற்சியைத் தொடங்குங்கள். பயறு பொறுக்குவது, துணி மடிப்பது, கோப்பையைத் தூக்கி வைப்பது எல்லாம் பயிற்சிதான். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு கழன்றுவிடும்.

• பார்க்கின்சன் உள்ளவருக்குக் குளிசையை மணி தவறாமல் கொடுங்கள். கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் "ஒன்று, இரண்டு" என்று சத்தமாக எண்ணுங்கள். தரையில் கோடு போட்டு அதைத் தாண்டச் சொன்னாலும் கால் எழும்பும்.

• பிரசர் குளிசையை "இப்ப சொகந்தானே" என்று நிறுத்தாதீர்கள். ஒரு முறை இழுத்தவருக்கு மறுமுறையும் இழுக்கலாம்.

மலைக்குப் போய் வந்த களைப்பில் ஒருவரே இதையெல்லாம் செய்ய முடியாது. காலையில் அம்மா, பின்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை, இரவில் அப்பா என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் மணித்தியாலம் போதும். சந்தேகம் இருந்தால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் கேட்டு, ஆஸ்பத்திரி பிசியோதெரபி கிளினிக்குக்குத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகையை அடகு வைப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.