போலீஸ் நிலையக் கேமரா படம் அழிவதற்குள் கேட்பது எப்படி?

வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் ஒருவரை, சந்தேகத்தின் பேரில் போலீசார் இரவில் அழைத்துப் போகிறார்கள். மறுநாள் அவர் உடம்பில் காயத்தோடு திரும்பி வருகிறார். "நாங்கள் தொடவே இல்லை" என்கிறது போலீஸ் தரப்பு. பாஷை தெரியாத ஊர். சாட்சிக்கு ஆள் இல்லை. நடந்ததைச் சொல்லக்கூடியது ஒன்றுதான். அது போலீஸ் நிலையச் சுவரில் இருக்கும் கேமரா.

ஆனால் அந்தக் கேமராவுக்கு ஞாபக மறதி உண்டு.

சாத்தான்குளம்

2020-ம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் நடந்ததைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்ததாகக் கூறி, 19-ந் தேதி தந்தையும் மகனும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கோவில்பட்டி சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் 22, 23-ந் தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள்.

மதுரை ஐகோர்ட்டு கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட்டு, கேமரா பதிவைத் தேடினார். ஹார்டு டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. பெரிய பத்தாயம் கட்டி வைத்துவிட்டு, அன்றைய நெல்லை அன்றே கொட்டிவிட்ட கதைதான்.

அந்த வழக்கில் வாய் திறந்தது கேமரா அல்ல. பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், பயத்தையும் மீறி மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் கிடைப்பாரா?

18 மாதம்

அதே ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் நீதிபதி நாரிமன் தலைமையிலான சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச் விரிவான உத்தரவு போட்டது. வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, கழிவறைக்கு வெளியே என்று போலீஸ் நிலையத்தின் எந்தப் பகுதியும் விடுபடாமல் கேமரா வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், பேச்சும் பதிவாக வேண்டும். சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா வேலை செய்கிறதா என்று பார்ப்பது நிலைய அதிகாரியின் பொறுப்பு.

உத்தரவு வேறு, நடப்பு வேறு. ராஜஸ்தானில் காவலில் 11 பேர் இறந்தது பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து இந்த விஷயத்தை மறுபடி கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் கடிதம்

கேமரா பதிவுப் பெட்டி ஒரு சிலேட்டுப் பலகை மாதிரி. இடம் நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். ஆகவே படத்தின் நகலைக் கேட்பதற்கு முன்னால், அதை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நிலையத்தின் பெயர், தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் ஆகியவற்றை எழுதி, போலீஸ் சூப்பிரண்டுக்கோ கமிஷனருக்கோ அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்வது நல்லது. பலத்த காயமோ மரணமோ ஏற்பட்டிருந்தால் மாநில மனித உரிமைக் கமிஷனுக்கும் எழுதலாம். பதிவை உடனே வரவழைத்துப் பத்திரப்படுத்தக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கும் மனு அதற்குப் பிறகுதான். பதில் தர 30 நாள் அவகாசம். ஒருவருடைய உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணி நேரம். "விசாரணைக்கு இடைஞ்சல்" என்று மறுப்பதுண்டு. மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வெளி மாநிலத் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்த வட்டாரத்தின் ஆட்சி மொழியிலோ எழுத வேண்டும். பம்பாயில் தமிழில் எழுதிக் கொடுத்தால் செல்லாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள உதவுவது தகவல் அதிகாரியின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

செல்போன் படம்

பக்கத்தில் இருந்தவர் செல்போனில் படம் பிடித்திருந்தால், அதை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு. வாட்ஸ்அப்பில் போகும்போது படம் சுருங்கி மாறிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, கோர்ட்டில் நகலைக் கொடுப்பவர் சான்றிதழும் தர வேண்டும். அதில் அந்தப் பதிவுக்கே உரிய, கைரேகை போன்ற ஒரு எண்ணைக் குறிக்க வேண்டும். பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். எனவே படம் எடுத்த செல்போனை விற்காமல், பதிவை வெட்டாமல் ஒட்டாமல், வழக்கு முடியும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.