மேளக்காரருக்கு மாற்று வாத்தியம் வேண்டுமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் உள்ள திருவண்ணாமலை, கிரிவலம் போகிற திருவண்ணாமலை அல்ல. குன்றின்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமே திரண்டு வந்து படியேறும். இப்படி ஒரு மலைக்கோயிலுக்கு வாசிக்கப் போகிற நாயனக்காரருக்கு நடுவில் ஏதாவது பழுதானால் கையில் இருப்பதுதான் துணை. இறங்கிப் போய் வாங்கி வரவும் முடியாது. அவருக்கு வேண்டிய சாமான் பஜாரில் கிடைப்பதும் இல்லை.

அப்படியானால் வாசிக்கப் போகிறவர் இன்னொரு வாத்தியத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மூச்சும் விரலும் நேராகப் படுகிற பாகங்களுக்கு மட்டும் மாற்று கட்டாயம் இருக்க வேண்டும்.

நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். குழல் ஆச்சா மரத்தில் கடைந்தது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முற்றிய ஆச்சாக் கட்டையைத் தேடி வாங்குவார்கள். நன்றாக வைத்துக்கொண்டால் அது பல வருஷம் உழைக்கும். அவ்வளவு சுலபத்தில் காலை வாருவது குழல் அல்ல, சீவாளி.

சீவாளி நாணல் இனத்துத் தட்டையில் செய்வது. வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்துத்தான் வாசிக்க முடியும். அதிகம் ஊறினால் தொய்ந்துவிடும், வெயிலில் காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், ஓரம் லேசாகப் பிளந்தாலும் சுருதி நிற்காது. நாகஸ்வரத்தின் மேல்பக்கத்தில் கயிற்றில் கொத்தாக ஏதோ தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அருகில் போய்ப் பாருங்கள்: மாற்றுச் சீவாளிகள், சீவாளியின் வாயைச் சரிசெய்ய ஓர் ஊசி. மாற்றுச் சாமான் முழுவதையும் வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்ட இந்த ஏற்பாட்டை எத்தனை பாராட்டினாலும் தகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுச் சீவாளி எடுத்த எடுப்பில் பேசாது. வாசித்து வாசித்துத்தான் உதட்டுக்குப் பழகும். ஆகவே தொங்குகிற சீவாளிகளை வீட்டுச் சாதகத்திலேயே மாற்றி மாற்றிப் பழக்கியிருக்க வேண்டும். பழக்காத சீவாளி பத்து இருந்தாலும் அவசரத்துக்கு ஒன்றும் உதவாது.

தவிலிலும் கதை ஏறக்குறைய இதுதான். முன்பு தோல்வாரால் இழுத்துக் கட்டுவார்கள். கிழிந்தால் அன்றைய வாசிப்பு போனதுதான். இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டதால், தயாராக மூட்டிய ஒரு தோலும் ஒரு ஸ்பேனரும் பையில் இருந்தால் சமாளிக்கலாம். விரல்களில் மாட்டும் கூடு கழன்றால் வெறும் விரலால் அடிக்க முடியாது. அதற்கும் ஒரு செட் கூடுதலாக வேண்டும்.

முழு வாத்தியமே இரண்டு தேவைப்படுவது மிருதங்கம், கடம் போன்றவற்றுக்குத்தான். ஒரே மிருதங்கத்தை ஒரு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் இழுக்க முடியாது. பாடுகிறவரின் சுருதியைப் பொறுத்து, தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம் வேறு, உயர்ந்த சுருதிக்கான ஹெச்சு மிருதங்கம் வேறு. மானாமதுரைக் கடமோ சூளையிலிருந்து என்ன சுருதியில் வந்ததோ அதோடுதான் இருக்கும், கீழே விழுந்தால் உடைந்தும் போகும். வாத்தியத்தின் உடம்பே சுருதியைக் கட்டிப்போடுகிற இடத்தில் இரண்டாவது உடம்பு வேண்டியதுதான். வயலினுக்கு அது தேவையில்லை, தந்தி போதும். ஆனால் புதுத்தந்தி மாட்டியதும் இளகிக்கொண்டே இருக்கும். அதனால் ஏற்கெனவே ஒருமுறை மாட்டி இழுத்துப் பழக்கிய தந்தியைப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது. சுருதிப் பெட்டி நின்றுபோனால் போனில் உள்ள சுருதி ஆப் கைகொடுக்கும். போனை ஃபிளைட் மோடில் போட மறக்கக் கூடாது. அழைப்பு வந்தால் சுருதி அறுந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள். 1986இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில், லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய கச்சேரியில், 14 வயது மிடோரி வயலின் வாசித்துக்கொண்டிருந்தபோது தந்தி அறுந்தது. வாத்தியக் குழுவின் முதல் வயலின்காரருடைய வயலினை வாங்கி வாசித்தாள். அதிலும் அறுந்தது. இன்னொருவருடையதை வாங்கி முடித்தாள். இரண்டுமே அவள் பழகிய வயலினைவிடப் பெரியவை.

நம் மேளத்தில் இந்த ஏற்பாடு வெகுகாலமாக இருக்கிறது: இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில். ஒருவர் சீவாளி மாற்றும்போது மற்றவர் ராகத்தைப் பிடித்துக்கொள்வார். ஒரு தவிலில் தோல் கிழிந்தால் இன்னொன்று காலப்பிரமாணத்தைத் தாங்கும். சுவாமி புறப்பாட்டிலும் முகூர்த்தத்திலும் மேளம் நிற்கக் கூடாது என்பதால் அமைந்த ஜோடி இது. இன்று கல்யாண வீடுகளில், "ஒரு நாயனம், ஒரு தவில் போதுமே, சத்தம் வந்தால் சரி" என்று செலவைக் குறைக்கிறார்கள். பந்தல் அலங்காரத்தில் கை வைக்காமல் இதில் கை வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேளத்துக்குச் சொல்லப் போகும்போது ஜோடியாகவே சொல்லுங்கள். ஒற்றை நாயனம் வைத்தால், தாலி கட்டுகிற நேரத்தில் சீவாளி பிளக்கும்போது கெட்டிமேளத்துக்குத் தவில் மட்டும்தான் மிஞ்சும்.