வண்டி இன்ஷூரன்ஸ்: கேட்டால்தான் நியாயம்

மாலை வேளையில் மல்லேஸ்வரம் சம்பிகே ரோட்டில் சற்று நின்று பார்த்தால், கே.ஏ. எண் வண்டிகளுக்கு நடுவே டி.என். எண் வண்டிகளும் கண்ணில் படும். சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்காக வந்த நம்மவர்கள் வண்டியையும் கூடவே கொண்டு வருகிறார்கள். இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டால் மட்டும், "ஏஜெண்ட் பார்த்துக்கொள்கிறார்" என்று பதில் வரும். பணம் கட்டுவது நாம். பார்க்க வேண்டியதும் நாம்தான்.

கட்டணம் எவ்வளவு?

நம் வண்டியால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான 'மூன்றாம் நபர்' காப்பீடு, 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கு 5 ஆண்டுக்கும் இதைச் சேர்த்தே எடுக்க வேண்டும். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. யாரும் கூடுதலாகக் கேட்க முடியாது.

நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு வேறு. 2007 ஜனவரியில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஷோரூமில் நீட்டும் பாலிசியைத்தான் வாங்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். ஆனால் பிரீமியம் குறைவு என்று மயங்கிவிடாதீர்கள். வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருந்தால், வண்டி திருட்டுப் போகும்போது கைக்கு வரும் தொகையும் குறையும்.

கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, 5 வருடத்தில் 50 சதவீதம் வரை 'நோ கிளெய்ம் போனஸ்' உண்டு. இது வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சேர்ந்தது. பழைய காரை விற்றால் புதிய காருக்குக் கேட்டு வாங்குங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும்.

ஊர் மாறி வந்தவர்கள்

12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடும் டி.என். வண்டிக்குக் கர்நாடக எண் பெற வேண்டும். எண்ணும் விலாசமும் மாறியதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பழைய வண்டி வாங்கினால், 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இல்லையேல் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் மறுக்கப்படலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனை அணுகலாம், ஜே.பி. நகரில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. 2019ஆம் வருடச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேலத்தில் எடுத்த பாலிசிக்காகச் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை.

வண்டி திருட்டுப் போனால் உடனே போலீசில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மை மறுக்கக்கூடாது என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருக்கும் பாலிசியை எடுத்து, பெயர், விலாசம், வண்டியின் மதிப்பு, போனஸ், முடியும் தேதி ஆகிய ஐந்தையும் சரிபாருங்கள். தவறிருந்தால் திங்கட்கிழமையே எழுதிக் கேளுங்கள்.